அப்பாவின் நடைப்பயிற்சி நிலைப்பதில்லை, அம்மா தொடங்குவதே இல்லை: உங்கள் வீடுகளில் என்ன செய்தீர்கள்?

காவிரிக்கரை எழுதியது:

வணக்கம். அப்பாவுக்கு 67 வயது, அம்மாவுக்கு 62. இருவரும் கும்பகோணத்தில் இருக்கிறார்கள், நான் பெங்களூரில். அப்பாவுக்குப் பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய், மாத்திரையில் ஓடுகிறது. ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் மருத்துவர் "நடங்கள்" என்கிறார். அப்பாவும் ஆசையாகத் தொடங்குவார். மகாமகக் குளத்தைச் சுற்றி வருவார். பிறகு ஐப்பசி மழை வரும், அல்லது உறவில் ஒரு கல்யாணம் வரும், நடை நின்றுவிடும். மறுபடி தொடங்க மாதக்கணக்காகும்.

அம்மா வேறு மாதிரி. "விடிந்ததிலிருந்து நின்றுகொண்டேதான் இருக்கிறேன், எனக்கு எதற்கு வாக்கிங்?" என்பார். முழங்கால் தேய்மானம் வேறு இருக்கிறது. அண்மையில் பூஜை அறையில் தரையில் உட்கார்ந்தவரால் தானாக எழ முடியாமல், அப்பாதான் கைகொடுத்துத் தூக்கிவிட்டிருக்கிறார். அதைக் கேட்டதிலிருந்து மனது சரியில்லை.

இரண்டு கேள்விகள். நின்று நின்று போகிற பழக்கத்தை எப்படி நிலைநிறுத்துவது? வீட்டு வேலையை உடற்பயிற்சியாகக் கொள்ளலாமா? அனுபவமுள்ளவர்கள் எழுதுங்கள்.

தாம்பரம்_வாசி எழுதியது:

அப்பாவுக்கு நடைத்துணை தேடிக் கொடுங்கள். நான் சொல்லக்கூடிய ஒரே யோசனை இதுதான். எங்கள் ஏரிக்கரையில் காலையில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து நடக்கிறோம். ஒருவர் வராவிட்டால் மற்றவர்கள் கைப்பேசியில் அழைத்துவிடுவார்கள். தனியாக நடப்பவருக்குச் சோம்பல் வந்தால் கேட்க ஆளில்லை.

2023 நவம்பரில் தமிழக அரசு "நடப்போம் நலம் பெறுவோம்" என்று எல்லா மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதைகளை அடையாளம் காட்டியது. உங்கள் மாவட்டத்திலும் ஒன்று இருக்கும். முதல் நாளே எட்டுக் கிலோமீட்டரையும் நடக்க வேண்டும் என்று அப்பா கிளம்பிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆர்வக்கோளாறில் முதல் வாரம் அதிகம் நடந்து, குதிகால் வலி வந்து, அதோடு விட்டவர்கள் எங்கள் குழுவிலேயே உண்டு.

தசைநார் எழுதியது:

நான் இயன்முறை மருத்துவர், கோவையில் பணியாற்றுகிறேன். அம்மாவைப் பற்றித்தான் முதலில் பேச விரும்புகிறேன், ஏனென்றால் அவசரம் அங்கேதான் இருக்கிறது.

தரையிலிருந்து எழ முடியவில்லை என்றால் எல்லோரும் மூட்டைக் குறை சொல்வார்கள். மூட்டு ஒரு பாதிதான். தொடையின் முன்பக்கத் தசையும் இடுப்புக்குப் பின்னால் இருக்கும் பெரிய தசையும் வலுவிழந்திருப்பது மறுபாதி. முப்பது வயதுக்குப் பிறகு தசை சிறிது சிறிதாகக் குறையத் தொடங்குகிறது, அறுபதைத் தாண்டினால் அது வேகமெடுக்கிறது. எடை இயந்திரத்தில் இது தெரியாது. தசை போன இடத்தில் கொழுப்பு வந்து உட்காருவதால் எடை அப்படியே இருக்கும், வலிமைதான் போயிருக்கும். பிறகு ஒரு நாள் குளியலறையில் வழுக்கும்போது காலை ஊன்றி நிற்கப் பலம் இருக்காது. இடுப்பு எலும்பு முறிந்து எங்களிடம் வருகிற அம்மாக்களில் பலர் விழுவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே "நாற்காலியிலிருந்து எழக் கை ஊன்ற வேண்டியிருந்தது" என்று சொல்வார்கள். அப்போதே யாராவது கவனித்திருக்கலாமே என்று ஒவ்வொரு முறையும் வயிறு எரிகிறது.

போன வலிமை திரும்பாது என்று வீடுகளில் பேசிக்கொள்வது தவறு. 1990இல் அமெரிக்காவின் பாஸ்டனில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் சராசரியாக 90 வயதான பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால் தசைக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள். முடித்த ஒன்பது பேருக்குக் கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொண்ணூறு வயதில்! அம்மாவுக்கு 62தான் ஆகிறது.

செய்ய வேண்டியது இது. பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், சறுக்கும். கனமான மர நாற்காலியைச் சுவரில் முட்டும்படி போடுங்கள். உயரம் போதாவிட்டால் மேலே ஒரு தலையணை. விளிம்புக்கு நகர்ந்து உட்கார்ந்து, பாதத்தை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்து, மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை முன்னால் சாய்ந்து எழ வேண்டும். மூச்சைப் பிடிக்கக் கூடாது. எழும்போது மூச்சை வெளியே விட வேண்டும். இறங்குவது மெதுவாக இருக்கட்டும், பலன் இறங்குவதில்தான் அதிகம். முதலில் கை ஊன்றி ஐந்து முறை போதும். எளிதானதும் கை ஊன்றாமல். அதன்பின் தலையணையை எடுத்துவிடுங்கள். இதை ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்தாலே சில வாரங்களில் மாற்றம் தெரியும்.

பயிற்சி செய்யும்போது முழங்காலில் இலேசான வலி இருப்பது பரவாயில்லை. மறுநாள் காலை வலி கூடியிருந்தால் அளவைக் குறையுங்கள். மூட்டு வீங்கிச் சூடாக இருந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். தேய்மானம் இருக்கிறது, அதனால் காலை அசைக்காமல் வைத்திருக்கிறேன் என்பதுதான் மூட்டுக்கு மிகவும் கெடுதல். சுற்றியுள்ள தசை வலுவாக இருந்தால் மூட்டின் மீது விழும் சுமை குறையும்.

மொட்டைமாடி எழுதியது:

காவிரிக்கரை, உங்கள் அம்மா சொன்னதையே நானும் பல வருடம் சொல்லியிருக்கிறேன். அந்தச் சொல்லுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எழுதுகிறேன்.

காலை ஐந்தரைக்கு நான் நடக்கப் போனால் பால் யார் காய்ச்சுவது? காபி யார் கலப்பது? ஆண்கள் நடந்துவிட்டு வரும்போது மேசையில் காபி இருக்கிறது. பெண்கள் நடந்துவிட்டு வரும்போது பாத்திரம் தொட்டியில் கிடக்கிறது. "எனக்கு வாக்கிங் வேண்டாம்" என்று அவர் சொல்வதில் பாதி, "அந்த நேரத்தை எனக்கு யார் தருவார்கள்?" என்ற கேள்வி. மீதிப் பாதி வெட்கம். அறுபது வயதில் கான்வாஸ் ஷூ மாட்டிக்கொண்டு புடவையோடு தெருவில் இறங்கினால் எதிர்வீட்டுக்காரர் என்ன நினைப்பார் என்ற எண்ணம்.

மதுரையில் எங்கள் தெருவில் நடைபாதையே கிடையாது. நாய்கள் வேறு. அதனால் நான் மாடிக்கு ஏறினேன். சாயங்காலம் துணி எடுக்கப் போகும் நேரத்தை அப்படியே நீட்டிக்கொண்டேன். துணி எப்படியும் எடுத்தாக வேண்டும், அதனால் அந்த நேரத்தை யாரும் கேள்வி கேட்பதில்லை. பக்கத்து வீட்டு அம்மாவும் அவர் மாடிக்கு வந்துவிடுவார். சுவருக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான், பேச்சு ஓடும், நடையும் ஓடும்.

அம்மாவுக்கு அறிவுரை சொல்வதற்கு முன்னால் அப்பாவிடம் பேசுங்கள். காலைக் காபியை அவர் போடட்டும்.

காவிரிக்கரை எழுதியது:

மொட்டைமாடி அம்மா, இதை நான் யோசித்ததே இல்லை. இன்றிரவு அப்பாவிடம் பேசுகிறேன்.

புள்ளிவிவரம் எழுதியது:

மேலே எழுதியதற்குக் கணக்கும் இருக்கிறது. 2024இல் உலக சுகாதார நிறுவனமும் ஆய்வாளர்களும் வெளியிட்ட மதிப்பீட்டின்படி இந்தியாவில் வயது வந்தோரில் ஏறத்தாழ பாதிப் பேருக்குப் போதிய உடலசைவு இல்லை. பெண்களில் 57 சதவீதம், ஆண்களில் 42 சதவீதம். பெண்கள் வீட்டில் உழைக்கவில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. உழைப்பின் வேகம் இதயத்துக்குப் போதவில்லை என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலசைவு வேண்டும் என்கிறது. மிதமானது என்பதற்கு எளிய சோதனை: பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. வீடு பெருக்கித் துடைப்பது பலருக்கு அந்த அளவை எட்டும். அடுப்படியில் நின்று தோசை வார்ப்பது எட்டாது. அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி, 65 தாண்டியவர்களுக்கு மூன்று நாளாவது சமநிலையைப் பேணும் பயிற்சி. நம் ஊரில் நடையைப் பற்றி மட்டுமே பேசுகிறோம், மற்ற இரண்டையும் யாரும் சொல்வதில்லை. முன்பு ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்றிருந்தார்கள், 2020இல் அந்த நிபந்தனையையும் எடுத்துவிட்டார்கள். மாடிப்படி ஏறுகிற இரண்டு நிமிடமும் கணக்கில் சேரும்.

பத்தாயிரம் அடி என்ற எண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடையளவிக் கருவியோடு பரவியது, மருத்துவ ஆய்விலிருந்து வந்ததல்ல. 2019இல் சராசரியாக 72 வயதான அமெரிக்கப் பெண்களிடம் நடந்த ஆய்வில், நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களின் இறப்பு விகிதம் தெளிவாகக் குறைந்திருந்தது. 7,500 அடிக்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. கைப்பேசி காட்டும் எண்ணைப் பார்த்து மனம் சோர்ந்து விட்டுவிடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்தத் துறையே ஒரு பஸ்ஸில் தொடங்கியது என்பது எனக்குப் பிடித்த செய்தி. ஜெரமி மோரிஸ் என்ற மருத்துவர் 1953இல் லண்டன் போக்குவரத்து ஊழியர்களை ஒப்பிட்டார். ஒரே பஸ், ஒரே சாலை, ஒரே புகை. உட்கார்ந்தே ஓட்டிய ஓட்டுநர்களைவிட, இரட்டை மாடிப் பஸ்ஸில் நாள் முழுக்கப் படி ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது.

பழைய_நடத்துநர் எழுதியது:

தம்பி புள்ளிவிவரம், நான் திருச்சிப் பக்கம் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவன். லண்டன் கதையைப் படித்தேன். எங்களுக்கு ஏற மாடி இல்லை. கூட்டத்தில் கம்பியைப் பிடித்து, முதுகைச் சீட்டில் சாய்த்து, ஒற்றைக் காலில் நின்றே ஊர் போய்ச் சேருவோம். என்னோடு வேலை பார்த்தவர்களில் எத்தனை பேருக்குக் காலில் நரம்பு சுருட்டிக்கொண்டது தெரியுமா? நின்றுகொண்டே இருப்பது வேறு, நடப்பது வேறு. அந்தத் தங்கையின் அம்மாவும் நாள் முழுக்க நிற்கிறார். நிற்பதைப் பயிற்சி என்று எண்ணிவிட வேண்டாம்.

ஓய்வு பெற்ற பிறகு என்ன செய்கிறேன் என்றால், பேரனைப் பள்ளிக்கு நடத்தியே அழைத்துப் போகிறேன். பள்ளி மணி அடிப்பதற்குள் போய்ச் சேர வேண்டும், அதனால் நடை தானாகவே வேகமாகிவிடும். விடுமுறை நாளில் கால் தானாகவே வாசலுக்குப் போகிறது. பழக்கத்துக்கு ஒரு கட்டாயம் வேண்டும்.

புள்ளிவிவரம் எழுதியது:

ஐயா, நீங்கள் சொல்வது சரி. மோரிஸின் ஆய்வுக்கும் அப்படி ஒரு கேள்வி எழுந்தது. அவரே பிறகு சீருடை அளவுகளை எடுத்துப் பார்த்தபோது, ஓட்டுநர்களின் இடுப்புச் சுற்றளவு வேலைக்குச் சேர்ந்த காலத்திலேயே அதிகமாக இருந்தது தெரிந்தது. அதனால் வித்தியாசம் முழுவதையும் படிக்கட்டின் கணக்கில் எழுத முடியாது. அவர் அதோடு நிற்கவில்லை. வேலைக்கு வெளியே சுறுசுறுப்பாக இருப்பவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார், அங்கேயும் இதயத்துக்கு நன்மை தெரிந்தது. அவர் 99 வயதுவரை வாழ்ந்தார்.

யாழ்ப்பனை எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊரில் எழுபது வயது ஐயாமாரும் சைக்கிளில் சந்தைக்குப் போய் வருவதை இன்றும் பார்க்கலாம். 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில் மோட்டார் சைக்கிள் வைத்திருந்த இளையவர்களும் பழைய சைக்கிளைத் துடைத்து எடுத்தார்கள். பெற்றோல் வந்ததும் பலர் மறுபடியும் விட்டுவிட்டார்கள், முதியவர்கள் மட்டும் விடவில்லை. அவர்கள் அதை உடற்பயிற்சி என்று எண்ணுவதே இல்லை. சந்தைக்குப் போகிற வழி அது, அவ்வளவுதான். சைக்கிள் முழங்காலுக்கு நல்லதா என்று தசைநார் சொன்னால் நல்லது.

தசைநார் எழுதியது:

யாழ்ப்பனை, முழங்கால் தேய்மானம் உள்ளவர்களுக்கு நடையைவிட சைக்கிள் பல நேரங்களில் எளிது, உடல் எடையைச் சீட் தாங்கிக்கொள்கிறது. சீட்டை மட்டும் போதிய உயரத்தில் வைக்கச் சொல்லுங்கள். மிதி கீழே இருக்கும்போது கால் ஏறத்தாழ நீண்டிருக்க வேண்டும். ஆனால் எடையைச் சீட் தாங்குவதாலேயே எலும்புக்கு அது போதாது. எலும்பு உறுதியாக இருக்க அதன் மேல் சுமை விழ வேண்டும். சைக்கிள் ஓட்டுகிற ஐயாவும் நாற்காலியில் எழுந்து உட்காரட்டும், மாடிப்படி ஏறட்டும்.

இரவுப்பணி எழுதியது:

பெரியவர்கள் நடுவில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எனக்கு 27 வயது. பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் மாலை முதல் நள்ளிரவு தாண்டி வேலை. வீட்டுக்கு வந்து படுக்க விடியற்காலை நான்காகிறது. "காலையில் எழுந்து நட" என்ற அறிவுரை எனக்குப் பொருந்துவதே இல்லை. ஜிம்முக்கு ஆண்டுக் கட்டணம் கட்டி, சில வாரங்கள் போய், நின்றுவிட்டது. இந்த வயதிலேயே நான்கு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது.

விசில் எழுதியது:

தம்பி இரவுப்பணி, நீங்கள் குறுக்கிடவில்லை, பேச வேண்டிய இடமே அதுதான். நான் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன். உங்களைப் போன்ற பிள்ளைகளைப் பள்ளியிலேயே நாங்கள் இழந்துவிடுகிறோம். பத்தாம் வகுப்பு வந்ததும் விளையாட்டு வகுப்பைக் கணக்கு வாத்தியார் கேட்பார், அறிவியல் வாத்தியார் கேட்பார். கொடுக்க மாட்டேன் என்றால் நான் பிள்ளைகளின் எதிர்காலத்தைக் கெடுக்கிறவனாகிவிடுவேன். 5 முதல் 17 வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு நாளுக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் ஓடியாடும் அசைவு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. நம் பிளஸ் டூ மாணவன் டியூஷனிலிருந்து டியூஷனுக்குப் பைக்கில் போகிறான். பதினேழு வயதில் உடம்பை அசைக்க மறந்தவனிடம் இருபத்தேழில் ஜிம் கட்டணத்தை வாங்கி என்ன பயன்? இதைச் சொல்லச் சொல்ல எனக்குக் கோபம்தான் வருகிறது.

இனி உங்கள் விஷயம். காலை நேரம் புனிதமானதல்ல. நீங்கள் எழுந்த பிறகு வருகிற முதல் ஒரு மணி நேரம்தான் உங்கள் காலை. அது பகல் பன்னிரண்டாக இருந்தாலும் சரி. அந்த வெயிலில் வெளியே போக வேண்டாம். வீட்டுக்குள்ளேயே தண்டால், பஸ்கி. தரையில் தண்டால் வராவிட்டால் சுவரில் கை ஊன்றிச் செய்யுங்கள், பிறகு கட்டில் விளிம்பில், பிறகு தரையில். அலுவலகத்தில் மின்தூக்கியை விட்டுப் படியைப் பிடியுங்கள். ஜிம்மில் பணம் கட்டுவதை விடக் கடினமானது அங்கே போய்ச் சேர்வது. அதனால் அந்தத் தூரத்தையே இல்லாமல் செய்துவிடுங்கள்.

தாம்பரம்_வாசி எழுதியது:

விசில் ஐயா எழுதியதைப் படித்துவிட்டு என் மகனின் பள்ளி அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். வாரத்துக்கு இரண்டு விளையாட்டு வகுப்பு என்று அச்சில் இருக்கிறது. அவனைக் கேட்டால் "அதிலே பாடம்தான் நடக்கும்" என்கிறான். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் கேட்கப் போகிறேன்.

காவிரிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அப்பா காபி போட ஒப்புக்கொண்டார். அம்மா நாற்காலிப் பயிற்சியைத் தொடங்கியிருக்கிறார். தலையணை வைத்து, கை ஊன்றித்தான். வீடியோ அழைப்பில் எனக்குச் செய்து காட்டினார்.

இப்போது அப்பாவின் புது ஆர்வம் எட்டு வடிவ நடை. மாடியில் சுண்ணாம்பால் எட்டு வரைந்து வைத்திருக்கிறார். அதில் நடந்தால் சர்க்கரை இறங்கும், இரத்த அழுத்தம் சீராகும், கண் பார்வை தெளியும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததாம். உண்மையா? அதோடு, சாப்பிட்ட பிறகு நடக்கலாமா, வெறும் வயிற்றில்தான் நடக்க வேண்டுமா?

தசைநார் எழுதியது:

எட்டு வடிவ நடையும் நடைதான், அதனால் நடைக்குரிய நன்மை அதில் உண்டு. வளைந்து திரும்பி நடப்பது சமநிலைக்கும் ஓரளவு பழக்கம். கண் தெளியும் என்பதையெல்லாம் நம்ப வேண்டாம். முக்கியமாக, அதை நம்பி மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. எட்டுச் சிறிதாக இருந்தால் வேகம் எடுக்க முடியாது, தலைசுற்றலும் வரலாம். பெரிதாக வரையச் சொல்லுங்கள், அவ்வப்போது திசை மாற்றி நடக்கட்டும்.

சர்க்கரைக்குச் சாப்பிட்ட பிறகு நடப்பதில் தனிப் பயன் இருக்கிறது. சாதாரண நேரத்தில் இரத்தத்திலுள்ள சர்க்கரை தசைக்குள் போக இன்சுலின் கதவைத் திறந்துவிட வேண்டும். தசை சுருங்கி விரியும்போதோ இன்சுலினை எதிர்பார்க்காமலே சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால் சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை ஏறுகிற நேரத்தில் நடந்தால் அந்த ஏற்றம் மட்டுப்படும். 2013இல் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வில், சர்க்கரை வரும் அபாயமுள்ள முதியவர்கள் மூன்று வேளையும் சாப்பிட்ட பிறகு பதினைந்து நிமிடம் நடந்தபோது, ஒரே தடவையில் நாற்பத்தைந்து நிமிடம் நடந்ததற்கு ஈடான பலன் கிடைத்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் வருகிற ஏற்றத்துக்கு அதுவே மேலாகவும் இருந்தது. நம் வீடுகளில் இரவு இட்லி, தோசை சாப்பிட்டதும் தொலைக்காட்சி முன்னால் உட்காருகிறோம் அல்லவா, அந்த இடத்தில்தான் நடை வர வேண்டும். ஓடக் கூடாது, வழக்கமான நடை போதும்.

அப்பாவிடம் மூன்று செய்திகள் சொல்லுங்கள். அவர் எடுக்கும் மாத்திரை சர்க்கரையைத் தாழ்நிலைக்கு இறக்கக் கூடிய வகையா என்று மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். அப்படியென்றால் வெறும் வயிற்றில் நீண்ட நடை வேண்டாம், சட்டைப் பையில் குளுக்கோஸோ இரண்டு மிட்டாயோ இருக்க வேண்டும். வெறுங்காலோடு நடக்கக் கூடாது, மாடியிலும்தான். வீட்டுக்கு வந்ததும் பாதத்தைத் திருப்பிப் பார்க்கட்டும். சர்க்கரையால் உணர்ச்சி குறைந்த காலில் கொப்புளம் வந்தால் வலிக்காது. நடக்கும்போது நெஞ்சில் அழுத்தமோ, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலியோ வந்தால் உடனே நின்றுவிட்டு 108ஐ அழைக்க வேண்டும். வாயுப் பிடிப்பு என்று சோடா குடித்துவிட்டுப் படுக்கக் கூடாது.

மொட்டைமாடி எழுதியது:

எட்டு நடையை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிடாதீர்கள் தசைநார். எங்கள் பூங்காவில் எட்டுப் பாதை போட்ட பிறகுதான் பல பெண்கள் வரத் தொடங்கினார்கள். தெருவில் நடக்கக் கூச்சப்பட்டவர்களுக்கு "எட்டுப் போடப் போகிறேன்" என்று சொல்லிக்கொண்டு கிளம்ப ஒரு காரணம் கிடைத்தது.

தசைநார் எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன் அம்மா. வீட்டை விட்டுக் கிளம்ப வைப்பது எதுவானாலும் எனக்கு மகிழ்ச்சிதான். மாத்திரை மட்டும் தொடரட்டும்.

பழைய_நடத்துநர் எழுதியது:

வயதான பிறகு புதிதாகத் தொடங்கிப் பெரிதாகச் செய்தவர்கள் உண்டா? சிறு வயதிலிருந்து செய்தவர்களுக்குத்தான் உடம்பு வளைகிறது என்று என் நண்பர்கள் வாதம் செய்கிறார்கள்.

புள்ளிவிவரம் எழுதியது:

இரண்டு வகையும் உண்டு ஐயா. தசைநாரின் ஊரான கோவையைச் சேர்ந்த நானம்மாள் பாட்டி சிறு வயதிலேயே குடும்பத்தில் யோகாசனம் கற்றவர். 2018இல் பத்மஸ்ரீ பெற்றார், 2019இல் 99 வயதில் மறைந்தார். அவர் உங்கள் நண்பர்கள் பக்கம். ஃபவ்ஜா சிங் உங்கள் பக்கம். பஞ்சாபில் விவசாயம் செய்த அவர், மனைவியையும் மகனையும் இழந்த துயரத்தில், இங்கிலாந்தில் எண்பதுகளின் வயதில் ஓட்டத்தைத் தீவிரமாகப் பிடித்தார். 2000இல் லண்டனில் 89 வயதில் முதல் மராத்தான். 2011இல் டொராண்டோவில் 100 வயதில் முழு மராத்தானையும் ஓடி முடித்தார். பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் கின்னஸ் அதை ஏற்கவில்லை, எல்லைக் கோட்டைத் தாண்டியதை உலகம் பார்த்தது.

நம் வீட்டுப் பெரியவர்களுக்கு மராத்தான் வேண்டாம். எண்பதிலும் உடம்பு பயிற்சியை ஏற்றுக்கொள்கிறது என்பதற்காகச் சொன்னேன்.

அப்பா விட்டுவிட்டுத் தொடங்குகிறாரே என்ற முதல் கேள்விக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2010இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரைத் தொடர்ந்து பார்த்தார்கள். ஒரு புதுச் செயல் யோசிக்காமலே செய்யும் பழக்கமாக மாற நடுத்தரமாக 66 நாள் என்று கணக்கு வந்தது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள்வரை வேறுபட்டது. இருபத்தொரு நாளில் பழக்கம் வந்துவிடும் என்று பரவும் செய்திக்கும் இதற்கும் எவ்வளவு தூரம் பாருங்கள். இடையில் ஒரு நாள் தவறினால் பழக்கம் உருவாவது கெடவில்லை என்பதும் அதில் தெரிந்தது. கல்யாணத்துக்குப் போய் நடை தவறினால், "போச்சு, எல்லாம் போச்சு" என்று அப்பா நினைத்துக்கொள்கிறார். திரும்பி வந்த அன்று மாலையே இறங்கிவிட்டால் ஒன்றும் போகவில்லை.

காவிரிக்கரை எழுதியது:

இதை அப்படியே அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "254 நாளா!" என்றார் முதலில். பிறகு, "அப்படியென்றால் போன வருடம் விட்டது என் குற்றம் மட்டுமில்லை" என்றார். மழைக்காலத்துக்கு எங்கே நடப்பது என்றுதான் இப்போது யோசிக்கிறார். திண்ணையும் கூடமும் சேர்த்து நீளமாக இருக்கும் பழைய வீடு எங்களுடையது.

விசில் எழுதியது:

அது போதுமே அம்மா. நீளமான கூடம் கிடைப்பது பெரிய வசதி. ஈரத் தரையில் மட்டும் நடக்க விடாதீர்கள். நடக்க முடியாத நாளில், சுவரைத் தொட்டுக்கொண்டு இருந்த இடத்திலேயே முழங்காலை உயர்த்தி இறக்கட்டும். பல் தேய்க்கும்போது ஒரு கையால் தொட்டியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது சமநிலைக்கு மிக நல்லது. இருவருமே செய்யலாம்.

தசைநார் எழுதியது:

விசில் ஐயா சொன்ன ஒற்றைக்கால் நிலைக்கு ஒரு திருத்தம்: குளியலறைத் தரை காய்ந்திருக்க வேண்டும், பிடிக்கிற இடம் உறுதியாக இருக்க வேண்டும். ஐயம் இருந்தால் அடுப்படி மேடையைப் பிடித்துக்கொண்டு செய்யட்டும், அது நகராது.

அம்மா கை ஊன்றாமல் எழத் தொடங்கியதும் எழுதுங்கள், அடுத்து தரையிலிருந்து எழுவதைப் படிப்படியாகச் சொல்லித் தருகிறேன். அதற்குள் சாப்பாட்டையும் பாருங்கள். மூன்று வேளையும் அரிசி, தொட்டுக்கொள்ளக் கொஞ்சம் குழம்பு என்றால் தசை வளரப் பொருள் போதாது. சுண்டல், பருப்பு, தயிர், முட்டை சாப்பிடுபவரானால் முட்டை, இவற்றில் ஏதாவது ஒன்று ஒவ்வொரு வேளையும் இருக்கட்டும். அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதால் சிறுநீரகப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு, புரதத்தை எவ்வளவு கூட்டலாம் என்று மருத்துவரைக் கேளுங்கள்.

பழைய_நடத்துநர் எழுதியது:

கத்திரி வெயில் தொடங்கினால் பேரனுக்குப் பள்ளி விடுமுறை, என் நடைக்கும் விடுமுறையாகிவிடுகிறது. திருச்சி வெயிலில் ஏழரை மணிக்கே தரை கொதிக்கிறது. எழுபது வயதில் எந்த நேரம் சரி?

தசைநார் எழுதியது:

ஐயா, கோடையில் காலை ஆறரைக்குள் முடித்துவிடுங்கள். முடியாவிட்டால் பொழுது சாய்ந்து தரை ஆறிய பிறகு, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் வெளிச்சமுள்ள தெருவில் நடங்கள். வயதானால் தாகம் தெரிவது குறையும், அதனால் தாகத்துக்குக் காத்திராமல் கிளம்பும் முன் ஒரு தம்ளர் தண்ணீர், வந்ததும் நீர்மோர். இதய நோய்க்கோ இரத்த அழுத்தத்துக்கோ சிறுநீர் போக வைக்கும் மாத்திரை எடுப்பவராக இருந்தால் தண்ணீரின் அளவையும் மோரில் போடும் உப்பையும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பேரனுக்கு விடுமுறை என்றால் அவனையும் காலையில் எழுப்பி அழைத்துப் போங்கள். அவனுக்கும் ஒரு மணி நேரம் வேண்டும் என்று விசில் ஐயா சொல்லிவிட்டாரே.